மாமாவின் இரத்தக் காட்டேரி

எங்கள் வீட்டு வாசல் கேற்றின் இடப்பக்கத் தூணின் தலையில் இரண்டு வட்டக் கறைகள் இருக்கின்றன. இரண்டும் தேநீர்க் கோப்பையின் அடி பட்டு வந்தவை. ஒன்று பழையது, சீமெந்துக்குள் ஊறிவிட்டது. ஒவ்வொரு நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னரும் மதிலுக்கு வெள்ளை அடிக்கிறோம். மாரி மழை தொடங்க அது மறுபடி மேலே வந்துவிடுகிறது. மற்றது புதியது, வெளிறியது, பழைய வட்டத்தின் விளிம்பில் சற்று ஏறி நிற்கிறது. இந்த முறை வெள்ளை அடிக்க வந்தவர் கேட்டார்: "ஏன் அக்கா, உங்கடை வீட்டிலை தேத்தண்ணி வைக்க மேசை இல்லையே?" மேசை இருக்கிறது. சுற்றி ஆறு கதிரைகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் என் மாமாவை உட்கார வைக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்று அவருக்குச் சொல்லத் தொடங்கினால் வாளியிலுள்ள வெள்ளை காய்ந்துவிடும். சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. நெல்லியடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை. மெல்லிய உடம்பு, மடிப்புக் கலையாத அரைக்கைச் சேட்டு, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குலுங்கி வந்து, நல்லூரில் இறங்கி, எங்கள் ஒழுங்கைக்குள் நடந்து, கேற்றுக்கு வெளியே நிற்பார். குடைப்பிடியால் கேற்றை மெல்லத் தட்டுவார். அம்மா தேநீரோடு போவார். கோப்பை தூணின் மேல் வைக்கப்படும். அக்காவும் தம்பியும் கேற்றுக்கு உள்ளும் வெளியுமாக நின்று, ஊரில் யார் யாருக்கு என்ன வருத்தம் என்பதிலிருந்து தேங்காய் விலை வரை கதைப்பார்கள். பிறகு அவர் வந்த வழியே போய் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். கேற் பூட்டியிருக்காது. கொழுக்கிகூடப் போட்டிருக்காது. அவர் உள்ளே வரமாட்டார்.

காரணம் என் அக்காவின் கலியாணம். எங்கள் ஆட்களிடத்தில் கலியாணத்துக்குச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. அழைப்பிதழ்க் காட் அனுப்பினால் போதாது. வீட்டுக்குப் போய், உள்ளே இருந்து, தந்ததைக் குடித்து, குங்குமச் சிமிழை நீட்டி, இன்ன நாள், இன்ன மண்டபம் என்று வாயால் சொல்ல வேண்டும். பெண்ணின் தாய்மாமனுக்கு முதலில் சொல்ல வேண்டும். தாலி ஏறும் நேரம் தேங்காய் உடைப்பவர் அவர். அப்பாவுக்கு இவை எல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் வடமராட்சிப் பக்கம் சொல்லப் போன அன்று, நெல்லியடிச் சந்தையடியில் மாமாவையே கண்டுவிட்டார். கொதிக்கும் வெயில். வாடகைக் கார். இன்னும் பல வீடுகள் மிச்சம். "இதிலை கண்டது நல்லதாப் போச்சு" என்று காரின் கண்ணாடியை இறக்கி, காட்டை வெளியே நீட்டி, "கட்டாயம் வாரும்" என்றார். மாமாவின் வலக்கையில் மீன் பை. இடக்கையால் வாங்கினார்.

நடந்தது அவ்வளவுதான். இரு தரப்பிடமும் கேட்டிருக்கிறேன். என்ன நடந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. நான் இருக்கும் பத்திரிகைத் தொழிலில் இது அபூர்வம். அதற்கு என்ன பொருள் என்பதில்தான் பிரச்சினை. அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு, ஒப்படைத்த கடிதம் ஒப்படைத்ததுதான். "கை நீட்டி வாங்கினவர்தானே? வேண்டாமெண்டால் அதிலேயே சொல்லியிருக்கலாமே" என்பது அவர் வாதம். மாமாவின் வாதம் வேறு. "மீன் பையோடை ரோட்டிலை நிக்கிறவனுக்குக் கலியாணம் சொல்லுறதோ? அது சொன்னதில்லைப் பிள்ளை. அது நோட்டீஸ் குடுத்தது."

அவர் அன்று வீட்டுக்குப் போனது கோபித்துக்கொண்டல்ல. வீட்டைக் கூட்டி, சோடாவும் பிஸ்கட்டும் வாங்கி வைத்து, முறையாகச் சொல்ல வருவார்கள் என்று கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் வரை காத்திருந்திருக்கிறார். யாரும் போகவில்லை. அவரும் வரவில்லை. தூரத்து மாமா ஒருவர் தேங்காய் உடைத்தார். அது முதல் அடியில் உடையவில்லை. கலியாண வீடியோவில் அந்த இடத்தில் எல்லாரும் மணவறையைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரியும்.

அதற்குப் பிறகு மாமா உறவை முறித்திருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும். அவர் முறிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். முறைப்படி அழைக்கப்படாத வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்பது மட்டுமே அவர் கொள்கை. அம்மா எத்தனையோ தரம், "உள்ளை வாடா தம்பி, வெயிலுக்கை நிண்டு என்ன செய்யிறாய்" என்று கெஞ்சியிருக்கிறார். "அக்கா, நீ கூப்பிடுறது உன்ரை அன்பு. சொல்லவேண்டிய ஆள் சொல்லவேணும்" என்று கோப்பையைத் தூணில் வைத்துவிடுவார். சொல்லவேண்டிய ஆள் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார்.

இந்த நிலையில்தான் இரத்தக் காட்டேரி எங்கள் குடும்பத்துக்குள் வந்தது.

படத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மாமா எழுதிய அளவு போதும். ஒரு தடித்த ஆங்கில நாவலைத் தழுவி எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் அது. பொடியனாக இருந்தபோது யாழ்ப்பாணத் தியேட்டர் ஒன்றில் பார்த்திருக்கிறார். பிறகு கசெட்டில், பிறகு டி.வி.டியில், பிறகு கைத்தொலைபேசியில். கதை சுருக்கமானது. சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு வைத்தியரின் வீடு. குன்றின் மேல் பாழடைந்த மாளிகை. அதில் பல தலைமுறைகளாகச் சாகாமல் கிடக்கும் ஒரு பிரபு. பகலில் பெட்டிக்குள் படுப்பார். இருட்டினால் இரத்தம் குடிப்பார். குதிரையைத் தூக்கி எறியும் பலம் அவருக்கு உண்டு. ஆனால் வீட்டுக்காரர் 'உள்ளே வாருங்கள்' என்று சொல்லாமல் ஒரு வீட்டின் நிலைப்படியைத் தாண்ட முடியாது. வைத்தியரின் வீட்டு வாசலில் மழையில் நிற்கிறார். வேலைக்காரி வரச் சொல்கிறாள், அசையவில்லை. வைத்தியரின் மகள் வரச் சொல்கிறாள், அசையவில்லை. வைத்தியர் சொல்ல வேண்டும். வைத்தியரோ நெருப்படியில் குந்தியிருக்கிறார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதுதான் அந்தப் படத்தைப் பற்றிய மாமாவின் முதல் கட்டுரை மேசைக்கு வந்த அன்று எனக்கும் தோன்றியது. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இதழில் உதவி ஆசிரியர். கலைப் பக்கம் என் பொறுப்பு. மாமா நன்றாக எழுதுவார். அதுதான் வில்லங்கம். எழுத்து மோசமாக இருந்திருந்தால் கூடையில் போட்டிருக்கலாம்.

சனங்கள் இந்தப் படத்தை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று அந்தக் கட்டுரையில் கேட்டிருந்தார். பல்லுக்காகவும் இரத்தத்துக்காகவும் என்று நினைப்பவர்கள் படத்தைப் பார்க்கவில்லை என்பது அவர் பதில். எங்கள் ஊர்ப் பேயும் முனியும் கேட்டுக்கொண்டா வருகின்றன? புளியமரத்தடியால் போனால் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிரபு மட்டும் கேட்கிறார், காத்திருக்கிறார். நாவலில் அந்தக் காத்திருப்பு ஒரு வரிதான். யார் கூப்பிட்டாலும் உள்ளே போய்விடுகிறார். படத்தை எடுத்தவர்தான் அதை மாற்றி, வீட்டுக்காரரே கூப்பிட வேண்டும் என்று வைத்து, மழையில் நனையும் சப்பாத்துகளையும் நிலைப்படியையும் மாறி மாறிக் காட்டி, பார்ப்பவரை அந்தப் படியிலேயே நிறுத்தி வைத்தார். நாவலாசிரியருக்கு விளங்காத மரியாதை படத்தை எடுத்தவருக்கு விளங்கியிருக்கிறது என்று மாமா முடித்திருந்தார். நெறியாளருக்கு வடமராட்சியில் சொந்தக்காரர் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பிரசுரித்தேன். எரிச்சலில் அந்த நாவலையும் தேடிப் பிடித்து வாசித்தேன். மாமா சொன்னது சரி. நாவலில் பிரபு வாசலில் நிற்கும் நேரத்தைவிட நான் அதைத் தேடி அலைந்த நேரம் அதிகம்.

ஒரு கட்டுரையோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பொங்கல் மலருக்கு விருந்தோம்பல் பற்றிக் கேட்டால் பிரபு வந்தார். பரீட்சை முடிவுகள் பற்றி எழுதினாலும் வாசலில் காத்திருப்பவர் ஒருவர் வந்தார். டெங்கு பரவிய மாரியில் ஒரு விழிப்புணர்வுக் கட்டுரை தந்தார். மூன்றாவது பந்தியில், நுளம்பு அழைப்பில்லாமல் வந்து இரத்தம் குடிக்கிறது என்றும், பிரபுவிடம் அந்தக் கீழ்மை இல்லை என்றும் எழுதியிருந்தார். நான் வெட்டுவேன். அடுத்த முறை, வெட்டினால் மேலும் கீழும் ஒட்டாத இடமாகப் பார்த்து நடுவில் வைப்பார். பொறுப்பாசிரியரிடம் முறையிட்டேன். "உம்மடை மாமான்ரை பேய்க்கு வாசகர் இருக்கினம் பிள்ளை. அந்தாள் நிக்கட்டும்" என்றார். வாசகர்கள் உண்மையில் இருந்தார்கள். அந்தப் படம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதினார்கள்.

அந்த வாசகர்களில் முதன்மையானவர் என் அப்பா. ஞாயிறு காலை விறாந்தையில் இருந்து, கலைப் பக்கத்தை முதலில் விரிப்பார். ஒரு வரி விடாமல் வாசிப்பார். முடிந்ததும் பேப்பரை மடித்து, கேற்றடிவரை கேட்கும்படி சொல்வார்: "இன்னும் கதவடியிலைதான் நிக்கிறானோ? கால் உளையாதோ உவனுக்கு?" கேற்றடியில் நிற்பவர் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொல்வார்: "உளையும்தான் அக்கா. வைத்தியருக்கு அது தெரியாது." அடுத்த ஞாயிறு அதே உரையாடல் வேறு சொற்களில். ஒரு மைத்துனர் இன்னொரு மைத்துனரோடு கதைப்பதற்கு ஒரு பத்திரிகை நிறுவனம் முழுவதும் வேலை செய்துகொண்டிருந்தது. எழுத்துப் பிழை பார்ப்பது நான்.

"சரி, கூப்பிட்டாப் பிறகு என்ன செய்யிறான் அந்தப் பிரபு?" என்று அப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"இரத்தம் குடிக்கிறார்."

"பாத்தியே" என்றார் அப்பா. தன் தரப்பு நிரூபிக்கப்பட்டுவிட்ட திருப்தி.

பிறகு மாமா ஒரு கட்டுரையில் எல்லை தாண்டினார். படத்தில் ஒரு ஓட்டை இருப்பதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள்: கடைசிப் பகுதியில், வேலைக்காரி செத்துப்போன வீட்டுக்குள் பிரபு யாரும் கூப்பிடாமலே போகிறார். மாமா அதற்கு விளக்கம் எழுதினார். அது ஓட்டை அல்ல. சாவு விழுந்த வீட்டின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். நல்ல காரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும், துக்கத்துக்கு யாரும் சொல்வதில்லை, கேள்விப்பட்டால் போகிறோம். இதை யாழ்ப்பாண வாசகருக்கு விளக்கத் தேவையில்லை என்று. நான் அதை வெட்டாமல் விட்டேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

அந்த ஞாயிறு அம்மா தேநீர் இல்லாமல் கேற்றடிக்குப் போனார். கையில் பேப்பர். அம்மா குரலை உயர்த்திக் கதைப்பவரில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. "அப்ப நீ நான் சாகுமட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறியோ?" என்று கேட்டார். மாமா திடுக்கிட்டுப்போனார். அவர் எழுதும்போது அந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அக்கா, அது படத்தைப் பற்றி" என்றார். "படத்தைப் பற்றித்தான் நானும் கேக்கிறன். என்ரை செத்தவீட்டுக்கெண்டு இந்தக் கேற்றாலை வாறதெண்டால், நீ வரத் தேவையில்லை. சொல்லிப்போட்டன்." மாமா குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "அப்பிடி வரமாட்டன் அக்கா" என்றார். அம்மா திரும்பி வந்து, பிறகு தேநீர் ஊற்றி என்னிடம் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வருடம் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாமா ஒவ்வொரு நாளும் வந்தார். வார்ட்டுக்குள் நேரே வந்து, கட்டிலில் இருந்து, சோற்றைக் குழைத்து அக்காவுக்குத் தீத்தினார். ஆஸ்பத்திரி யாருடைய வீடும் இல்லை. அப்பாவும் அதே கட்டிலின் மறுபக்கத்தில் நின்று, இன்ன மருந்து இன்ன நேரம் என்று அவரோடு சாதாரணமாகக் கதைத்தார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன். இந்த இரண்டு பேரையும் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த ஒருத்தி அப்படி நினைத்தது என் மடைத்தனம்.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இனி நடப்பது கடினம் என்றும், இதயமும் பலவீனம் என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். யன்னலோரம் கட்டில் போட்டோம். ஞாயிறு காலை குடைப்பிடி கேற்றில் தட்டியது. தேநீரை நான் கொண்டுபோனேன். மாமா கோப்பையைத் தூணில் வைத்துவிட்டு, பொக்கற்றிலிருந்து தொலைபேசியை எடுத்தார். உள்ளே அம்மாவின் கட்டிலில் கிடந்த தொலைபேசி அடித்தது.

அந்தக் காட்சியை ஒரு செய்தியாளர் எழுதிக் கொண்டுவந்திருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். கேற்றுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு முற்றமும் ஒரு செவ்விளநீர் மரமும்தான். அந்தத் தூரத்துக்கு ஒரு மனிதர் நெல்லியடியிலிருந்து பஸ் ஏறி வந்து தொலைபேசியில் கதைக்கிறார். "உன்ரை கதை எனக்கு ரெண்டுதரம் கேக்குதடா" என்று அம்மா சிரித்தார். "யன்னலாலை ஒருக்கா, போனாலை ஒருக்கா." சிரித்த பிறகு, தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அவன் நான் கண்ணாலை காணக்கூடிய நேரத்திலை வந்து இதிலை இருக்கவேணும், பிள்ளை. பிறகு வந்து என்ன?"

அப்பாவிடம் போனேன். "போய்ச் சொல்லுங்கோ அப்பா. ஒருக்கா. ஒரே ஒருக்கா." அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பிடிவாதத்தைவிடக் குழப்பம்தான் கூடுதலாக இருந்தது. "என்னத்துக்கெண்டு சொல்லுறது? வீட்டிலை கலியாணமே, சாமத்தியச் சடங்கே? காரியம் ஒண்டும் இல்லாமல் ஒரு மனிசனுக்கு எப்பிடிப் போய்ச் சொல்லுறது?" அது நியாயமான கேள்வி. எரிச்சலூட்டுவதே அதன் நியாயம்தான். அழைப்பதற்கு ஒரு காரியம் வேண்டும். எங்களிடம் காரியம் எதுவும் இல்லை. ஒரு நோயாளிதான் இருந்தார்.

பின்னும் சில ஞாயிறுகள் அப்படியே போயின. ஒருநாள் அம்மாவின் குரல் மிகவும் இறங்கியிருந்தது. "தம்பி, கொஞ்சம் கிட்ட வந்து கதையன்" என்று தொலைபேசியில் சொன்னார். யன்னலாலும் தொலைபேசியாலும் பதில் வந்தது: "இதுக்கு மேலை ஏலாது அக்கா. கேற் முட்டுது." விறாந்தையில் அப்பா கலைப் பக்கத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். நெடுநேரம் அந்தப் பக்கம் புரளவில்லை. மாமா போன பிறகு பேப்பரை மடித்தார்.

"உந்தப் படம் எவ்வளவு நேரம் ஓடும்?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா வேட்டி கட்டி, சால்வை போட்டு, திருநீறு பூசிக்கொண்டு என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறினார். சேட்டுப் பொக்கற்றுக்குள் எதையோ பிடித்தபடி வந்தார். நெல்லியடியில் மாமாவின் வீட்டடியில் இறங்கினோம். மாமா எங்களைக் கண்டதும் கதவடிக்கே வந்து, "வாங்கோ அத்தான்" என்றார். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. உள்ளே போய் இருந்தோம். அலுமாரியின் மேலிருந்து பிஸ்கட் பேணியை இறக்கினார். பேணியின் மூடியில் தூசி இல்லை. சோடா உடைத்தார். அப்பா முழுவதையும் குடித்து முடித்து, போத்தலை வைத்துவிட்டு, பொக்கற்றுக்குள்ளிருந்து குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினார்.

"வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கடை வீட்டிலை அந்த இரத்தக் காட்டேரிப் படம் போடுறம். நீர் கட்டாயம் வரவேணும்."

பேய்ப்படத்துக்குக் குங்குமம் வைத்து அழைத்த குடும்பம் இந்தக் குடாநாட்டில் வேறு இருக்காது. மாமா சிமிழைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பிறகு கேட்டார்: "வீட்டோடை சொல்லுறியளோ அத்தான், எனக்கு மட்டுமோ?"

அப்பா அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குடும்பத்தோடு அழைப்பதற்கு அங்கே இருந்தது தனி ஆள். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவர் நிறையப் புத்தகங்கள். "வீட்டோடைதான்" என்றார்.

ஞாயிறு பின்னேரம் அம்மாவின் கட்டிலை ஹோலுக்குள் இழுத்தோம். யன்னல்களைப் பெட்சீற்றால் மறைத்தேன். வெக்கை. மாமா வந்து கேற்றடியில் நின்றார். அப்பா போய் "வாரும்" என்றார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து உள்ளே வந்தார். அம்மா கையை நீட்டினார். அவர் கட்டிலோரக் கதிரையில் இருந்து, அந்தக் கையைப் பிடித்தபடி, படத்துக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு காட்சிக்கும் நாவலில் என்ன இருந்தது, படத்தில் என்ன மாறியது. "சும்மா இரும். நான் பாக்கிறன்" என்று அப்பா இரண்டுதரம் அடக்கினார். நானும் அன்றைக்குத்தான் படத்தை முழுதாகப் பார்த்தேன். பயம் வரவில்லை. பிரபுவின் பல் கொஞ்சம் சிரிப்பைக்கூட வரவழைத்தது. பிறகு வாசல் காட்சி வந்தது. மழை. சப்பாத்துகள். நிலைப்படி. உள்ளே விளக்கு வெளிச்சம். வேலைக்காரி கூப்பிடுகிறாள், மகள் கூப்பிடுகிறாள், அந்த உருவம் நின்றுகொண்டே இருக்கிறது. மாமா அதுவரை சொல்லிக்கொண்டிருந்த விளக்கத்தை நிறுத்திவிட்டார். காட்சி முடிவதாகத் தெரியவில்லை. கதிரையில் அப்பா முன்னுக்கும் பின்னுக்கும் அசைந்தார். வைத்தியர் நெருப்புக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"உவனைக் கூப்பிட்டுத் துலையனடா" என்றார் அப்பா, டி.வியைப் பார்த்து.

அம்மா சிரித்த சிரிப்பில் கட்டில் அசைந்தது. மாமா திரும்பவில்லை; அம்மாவின் கையை மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் படத்தின் கவர்ச்சி என்ன என்று அத்தனை கட்டுரைகளில் அவர் எழுதியதும் நான் வெட்டியதும், அப்பாவின் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. கூப்பிட்டால் அழிவு என்று தெரிந்தும், அந்தக் காட்சியைப் பார்க்கும் யாராலும் கூப்பிடாமல் இருக்க முடியாது.

இந்த இடத்தில் கதையை முடிக்கலாம் என்றுதான் ஒரு உதவி ஆசிரியராக எனக்கும் படுகிறது. ஆனால் அடுத்த ஞாயிறு குடைப்பிடி கேற்றில் தட்டியது. எட்டிப் பார்த்தேன். மாமா வெளியே நின்றார். "என்ன மாமா, உள்ளை வாங்கோவன்" என்றேன். "போன கிழமை சொன்னது படத்துக்கல்லோ, பிள்ளை" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கேற்றைக் கழற்றி எறிந்திருப்பேன். விறாந்தையில் கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது. அப்பா எழும்பி, முற்றத்தால் நடந்து வந்து, "வாரும்" என்றார். மாமா செருப்பைக் கழற்றினார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. ஒரு தரமாவது சேர்த்து மொத்தமாகச் சொல்லிவிடலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். "அப்பிடிச் சொல்லுறதில்லை" என்றார், என்னவோ நான்தான் முறை தெரியாதவள் போல. அம்மா கட்டிலில் கிடந்தபடி குடைத் தட்டலையும், கதிரைச் சத்தத்தையும், அப்பாவின் செருப்புச் சத்தத்தையும் எண்ணிக்கொண்டு கிடப்பார். மூன்றும் கேட்ட பிறகுதான் தலையணையை நிமிர்த்தச் சொல்வார்.

அடுத்த மாரியில் அம்மா போய்விட்டார். வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். கேற்றின் இரண்டு கதவும் அகலத் திறந்து, அவை மூடாமலிருக்கக் கல் வைத்திருந்தது. சனம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. நான் அம்மாவின் தலைமாட்டில் இருந்தேன். வந்தவர்களுக்கு நடுவால் பார்த்தபோது, தூணடியில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. தூறல். சனம் அவரைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்தது. "ஏன் வாத்தியார் நிக்கிறியள், உள்ளை போங்கோவன்" என்று யாரோ சொல்வதும் கேட்டது. அவர் போகவில்லை. அத்தனை வருட எரிச்சலும் எனக்கு ஒரேயடியாக வந்தது. எழுதித் தந்தவரே இவர்தான்: சாவு வீட்டுக்கு யாரும் சொல்வதில்லை என்று. பிறகுதான், பேப்பரும் கையுமாகக் கேற்றடிக்குப் போன அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அப்படி வரமாட்டேன் என்று அவர் அக்காவுக்குச் சொல்லியிருந்தார்.

அப்பாவின் காதுக்குள் ஒருவர் குனிந்து சொன்னார். அப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். பந்தலுக்குள் சனம் விலகி வழி விட்டது. திறந்து கிடந்த கேற்றடிக்குப் போய், தூறலுக்குள் நின்று, ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிற அதே குரலில், "வாரும்" என்றார்.

மாமா குடையைச் சுருக்கினார். அப்பா அதை வாங்கிக்கொண்டார்.

இப்போது மாமாவுக்கு உள்ளே வர ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் ஞாயிறுகளில் வருகிறார். அப்பா எழும்பிப் போய் "வாரும்" என்கிறார். "இல்லை அத்தான், இதிலையே நிக்கிறன்" என்கிறார் மாமா. முதல் முறை அப்படிச் சொன்னபோது, அப்பா திரும்பி வந்து, என்னிடம் இன்னொரு கோப்பை தேநீர் கேட்டார். தானே கொண்டுபோனார். அன்றிலிருந்து இருவரும் தூணின் இரண்டு பக்கமும் நின்று, தேங்காய் விலையையும், பஸ்ஸையும், அந்தப் படத்தின் முடிவு நாவலைவிட நல்லதா இல்லையா என்பதையும் கதைக்கிறார்கள். முடிவு சரியில்லை என்பது அப்பாவின் கட்சி. உள்ளே ஆறு கதிரைகள் சும்மா கிடக்கின்றன. வெயில் ஏறினால் அப்பா குடையைப் பிடித்துக்கொள்கிறார். மாமா பேப்பரை விரிக்கிறார்.

வெள்ளை அடிக்க வந்தவர் போகும்போது மறுபடி கேட்டார், தூண் தலைக்கு இரண்டு கை கூடுதலாக அடித்து அந்த இரண்டு வட்டத்தையும் மறைத்துவிடவா என்று. அடியுங்கோ என்றேன். அடித்தார். அந்த ஞாயிறே, வெள்ளை சரியாகக் காய்வதற்கு முன்னமே, இருவரும் கோப்பைகளைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துவிட்டார்கள்.